பூட்டிக் கிடந்த வீட்டின் பின்தோட்டம்

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா வீடு 11 வருடம் பூட்டிக் கிடந்தது. போன பங்குனியில் பின்கட்டுக் கதவைத் திறந்தபோது கிணற்றடி வரை நடக்கக்கூட வழியில்லை. எட்டு சென்ட் முழுக்கச் சீமைக்கருவை. அதற்குள்ளே இரண்டு தென்னை, ஒரு நார்த்தை, ஒரு கறிவேப்பிலை, மூலையில் பவளமல்லி. எல்லாம் அப்பத்தா கையால் வைத்தவை. உயிரோடு இருக்கின்றன என்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

பொக்லைன் விட்டு ஒரே நாளில் வழித்துவிடலாம் என்று நினைத்தேன். வேலைக்கு வந்த பெரியவர் விடவில்லை. “வேணாம் ஆச்சி, அது மேல்மண்ணையும் சேத்து அள்ளிட்டுப் போயிரும். ஆள விட்டுத் தூரோட தோண்டிக்கிருவோம்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. சீமைக்கருவையை வெட்டினால் மட்டும் போதாது, தூர் மண்ணுக்குள் இருந்தால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். நான்கு ஆட்களுக்கு ஆறு நாள் வேலை. கூலி கூடத்தான் ஆனது, ஆனால் மண் தப்பியது.

சித்திரையில் அவசரப்பட்டு 12 கன்றுகள் வாங்கி நட்டேன். ஒன்பது போய்விட்டன. வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றிய மதிலோரக் கன்றும் வெளுத்துக்கொண்டே வந்தது. அதற்கு அப்புறம்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்கத் தோன்றியது.

சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பல இடத்து மண்ணைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ நிற்கும். மதிலோரத்து மண்ணை மட்டும் தனிப் பையில் போட்டு, இரண்டையும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்தேன். தனியாகக் கொடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! தோட்டத்துக்குள் அமில கார நிலை (ஏழுக்குக் கீழே என்றால் புளிப்பு மண், மேலே என்றால் கார மண்) 5.3. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் புளிப்பு இருப்பது புதிதில்லை. மதிலோரத்திலோ 8.1.

அங்கே தோண்டினால் ஒரு முழத்துக்குப் பழைய சுண்ணாம்புக் காரை. எப்போதோ சுவரைச் செப்பனிட்டபோது கொட்டி மூடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கறிவேப்பிலைக் கொழுந்து நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் மஞ்சளாகவும் நின்றது அதனால்தான். காரையைக் கூடை கூடையாக அள்ளிவிட்டு மக்கிய எரு போட்டோம். கொழுந்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), கூடவே ஒரு எலுமிச்சம்பழச் சாறு, மாலை வேளையில் தெளிப்பு.

உள்பக்கத்துக்கு நேர்மாறான வைத்தியம். ஆடியில் அறிக்கையில் சொன்ன அளவு சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திவிட்டோம். சாணி எருவை அப்போதே போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். சில வாரம் பொறுத்து, ஆவணியில் தட்டை, உளுந்து, கம்பு, எள், சணப்பை எல்லாம் கலந்து விதைத்தேன். பூ எடுக்கும் நேரத்தில், சுமார் 45 நாளில், அப்படியே மண்ணுக்கு உரமாக மடக்கிக் கொத்தினோம். புரட்டாசிக் கடைசியில் மண்ணைக் கையில் எடுத்தால் ஈரம் ஒட்டியது.

இடையில் கிணற்றைத் தூர்வாரி, ஓட்டுச் சரிவில் அறுந்து தொங்கிய தகரப் பீலியை மாற்றி, கூழாங்கல்லும் மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக மழைத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பினேன். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 900 லிட்டர். இத்தனை வருடமும் அவ்வளவும் தெருவுக்குப் போயிருக்கிறது.

ஐப்பசி மழையோடு கத்தரி, வெண்டை, அவரை வைத்தேன். நார்த்தையில் காய்ந்த கிளைகளை மட்டும் கவாத்துச் செய்தோம். தை மாதம் 23 காய். அப்பத்தா ஜாடியிலேயே உப்பில் ஊறுகிறது. தென்னை இன்னும் தேறவில்லை. காண்டாமிருக வண்டு மட்டையை விசிறி மாதிரி நறுக்கி வைத்திருக்கிறது. வேப்பம் புண்ணாக்குத் தூளை இரண்டு பங்கு மணலோடு கலந்து குருத்து இடுக்குகளில் வைத்துவருகிறோம். அடுத்த வாரம் பெரியவர் மறுபடி ஏறுகிறார்.