சோளத்தட்டும் ஒரு பிடி புண்ணாக்கும்

வீட்டுக்குப் பின்னால் ஆசைக்கு வளர்க்கும் மேச்சேரி இனச் செம்மறிக் குட்டிகள் ஆறு. கோடையில் மேய்ச்சல் காய்ந்துவிட்டது, மிஞ்சியது சோளத்தட்டுப் போர் மட்டும்தான். நறுக்கித்தான் போட்டேன். வயிறு உப்பலாக இருந்தது, ஆனால் தொங்கு தராசில் மாதம் முழுக்க எடை ஏறவே இல்லை.

சோளத்தட்டில் புரதம் 4 சதவீதம் இருந்தாலே அதிகம். தீவனத்தில் 7 சதவீதத்துக்குக் கீழே போனால், ஆட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். தின்ற தட்டு செரிக்காமல் அங்கேயே கிடப்பதால் அடுத்த வாய்க்கு இடமிருக்காது. பக்கத்து வீட்டுப் பெரியவர், "ரேஷன் அரிசியைக் காய்ச்சி ஊத்து தம்பி, மளமளன்னு ஏறும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாவுச்சத்து அதிகமானால் வயிறு புளித்து, இருக்கிற நார்ச் செரிமானமும் கெடும்.

அதனால் குட்டிக்குத் தினமும் 100 கிராம் கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் தவிடு, ஒரு சிட்டிகை தாது உப்பு. முதல் சில நாள் பாதியளவுதான், பழகப் பழகக் கூட்டினேன். புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் உண்டு. வாங்கும்போது உடைத்து முகர்ந்து பார்ப்பேன், பூஞ்சை வாடை அடித்தால் வேண்டாம், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஈரலைக் காலி செய்துவிடும். சாயங்காலம் வாடவைத்த சவுண்டல் (சூபாபுல்) மரத்தழை ஆளுக்கொரு கொத்து. அதற்கு மேல் போடுவதில்லை: அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் அளவு மீறினால் முடி கொட்டும்.

முதலில் மாறியது எடை இல்லை, தீவனத் தொட்டிதான். முன்பெல்லாம் தோகையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, தண்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவைக்கும். காலையில் அள்ளிக் கொட்டுவதே ஒரு வேலை. இப்போது கணுக்கட்டைகள்தான் மிஞ்சுகின்றன. தட்டின் அளவையே கூட்ட வேண்டியதாயிற்று. புழுக்கையை நசுக்கினால் முன்பு நார் நாராகப் பிரியும், இப்போது அவ்வளவு இல்லை. அடுத்த மாதத் தராசில் பெரிய கிடாக்குட்டி ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. ஒரு பெட்டைக்குட்டி மட்டும் இன்னும் பின்தங்கியே நிற்கிறது, குடற்புழு மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தட்டு, வைக்கோலுக்கு யூரியா ஊட்டுவது பற்றியும் யோசித்தேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பார்கள். மந்தை வைத்திருப்பவருக்குச் சரி. அளவு பிசகினால் உயிருக்கே ஆபத்து, ஆறு குட்டிக்கு அந்தத் தலைவலி எதற்கு? புண்ணாக்குச் செலவுதான் கையைக் கடிக்கிறது. மழை வந்ததும் வேலியோரம் தீவனத்துக்கு அகத்தியும் வேலிமசாலும் ஊன்ற விதை வாங்கி வைத்திருக்கிறேன்.