கருவி சொன்னது அவருக்குத் தெரியாது

விமானக் கட்டுப்பாட்டில் ஆட்டோமேஷன்னு யார் பேசினாலும் எனக்கு 2002 ஜூலை 1 ராத்திரிதான் ஞாபகம் வரும். ஜெர்மனி, யூபர்லிங்கன் ஊருக்கு மேல ரெண்டு விமானம் மோதின ராத்திரி. ரெண்டும் ஒரே உயரத்தில் வந்தது, 36,000 அடி.

அந்த வானத்தைக் கவனிச்ச சூரிச் கட்டுப்பாட்டு அறையில் கட்டுப்பாட்டாளர் ஒருத்தர் மட்டும் ரெண்டு திரையை மாறி மாறிப் பார்த்துட்டு இருந்தார். பராமரிப்பு வேலைன்னு திரையில் மோதல் எச்சரிக்கை வராது. பக்கத்து விமான நிலையத்துக்கு போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறார், லைன் கிடைக்கல.

ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதன் டிகாஸ், அதாவது மோதலைத் தவிர்க்க விமானத்திலேயே இருக்கிற கருவி, ஏறச் சொன்னது. பைலட்கள் இறங்கினாங்க. எதிரில் வந்த விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிட்டிருந்தது. 71 உயிர்.

கருவி சொன்னது அன்னைக்கு அந்தக் கட்டுப்பாட்டாளர் திரைக்கு வரவே இல்ல. எனக்கு ஆறாதது அதுதான். ஆட்டோமேஷன் ஆராய்ச்சிப் பணம் முதலில் அவர் உட்கார்ந்த அந்த நாற்காலிக்குப் போகட்டும்.