திரவ உலோக வடிகட்டிப் பரப்பு: இறுதியாண்டு ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு

கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள எங்கள் பொறியியல் பீடத்தில் இப்போது இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் காலம். சில மீடிறன் (அதிர்வெண்) அலைகளை விட்டு மற்றவற்றைத் தடுப்பது நுண்ணலை வடிகட்டிப் பரப்பு; அந்த மீடிறனைத் திரவ உலோகத்தால் மாற்றும் பரப்பைத்தான் நான் எடுத்தேன். தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

எடுத்தவுடன் மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரே வடிவ உலோகத் துண்டுகளை வரிசையாகப் பதித்த தட்டுத்தான் இந்தப் பரப்பு; வருகிற அலைக்கு அது தூண்டியும் கொள்ளளவியும் சேர்ந்த சுற்று. தூண்டி 1 நனோஹென்றி, கொள்ளளவி 0.25 பிக்கோபரட் என்றால் பரிவு மீடிறன், அதாவது அந்தச் சுற்று இயல்பாக அதிரும் மீடிறன், ஏறத்தாழ 10 கிகாஹேர்ட்ஸ். நுண்ணிய குழாய்க்குள் இருக்கும் திரவ உலோகத் துளியை நகர்த்திக் கொள்ளளவத்தை 0.36 ஆக்கினால் 8.4க்கு இறங்கும். இதைக் கையால் கணக்குப் போட்டவருக்குச் சிமுலேஷன் வரைபடம் பிழையாக வந்தால் பார்த்தவுடனே தெரியும். சிமுலேஷனுக்கும் ஒரு கூறு (ஒரு துண்டும் அதைச் சுற்றிய இடமும்) போதும், அதுவே எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப வருவதாக எல்லை நிபந்தனையை ஆவர்த்தனமாக வையுங்கள்.

உலோகத் தெரிவைப் பற்றி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள். பாதரசம் நச்சு. தனிக் கலியம் 29.8 பாகை செல்சியஸில் உருகும்; வன்னிப் பகலில் தானாகவே உருகிக் கிடக்கும், ஆனால் குளிர்ந்த இரவில் உறையலாம், உறையும்போது விரியவும் செய்யும். முக்கால் பங்கு கலியமும் கால் பங்கு இந்தியமும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 15.5 பாகை வரை திரவம். எங்கள் மார்கழிப் பனிக்கும் அது உறையாது. கடத்துதிறன் செம்பைவிடப் பதினேழு மடங்கு குறைவு என்று மடக்கினால், 10 கிகாஹேர்ட்ஸில் அதன் தோல் ஆழம் (மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஆழம்) 3 மைக்ரோமீற்றருக்கும் குறைவு, அரை மில்லிமீற்றர்க் குழாய் தாராளம் என்று சொல்லுங்கள். இழப்பு கொஞ்சம் கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

உண்மையான தலையிடி ஒட்சைட்டுப் படலம். காற்றுப் பட்டவுடன் மேலே ஆடை கட்டிக் குழாய்ச் சுவரில் ஒட்டும், துளி போன வழியெல்லாம் கறை நிற்கும். சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் அதைக் கரைக்கும். ஆனால் அந்த நீர்க்கரைசலே நுண்ணலையை விழுங்கிவிடும். வடிகட்டி செய்யப்போய் உறிஞ்சி செய்த கதையாகிவிடும். இழப்புக் குறைந்த எண்ணெயைத் துணைத்திரவமாக வைத்து, துளிகளைக் காற்றுப்படாமல் ஏற்றுவதே நல்லது.

"வரக்டர் (மின்னழுத்தத்தால் கொள்ளளவம் மாறும் டயோடு) இருக்க இது ஏன்?" என்பது அடுத்த கேள்வி. வலு கூடிய அலையில் குறைகடத்தி நேர்கோட்டை விட்டு விலகி வேறு மீடிறன்களைப் பிறப்பிக்கும். உலோகத் துளிக்கு அந்தத் தொல்லை இல்லை. வேகத்தைப் பற்றி மட்டும் பெருமை அடிக்காதீர்கள், பம்பால் தள்ளும் துளி டயோடுக்குக் கிட்டவும் வராது.

பெரிய தட்டுச் செய்ய வசதியில்லாவிட்டால் ஓரிரு கூறுகளைச் செவ்வக அலைவழிக்குள் (நுண்ணலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய்) வைத்து அளக்கலாம். 22.86 மில்லிமீற்றர் அகல அலைவழியில் 10 கிகாஹேர்ட்ஸ் அலை நேராக வராது, ஏறத்தாழ 41 பாகை சரிவில் வந்து விழும். ஆகவே சிமுலேஷனையும் அதே சரிவில் ஓட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, கலியம் அலுமினியத்தை அரித்து நொறுக்கிவிடும். அலுமினிய மேசை விளிம்புக்கு அருகில் ஊசியை நிரப்ப வேண்டாம்.