காலையில் மட்டும் வரும் புகை: 1997 மாருதி 800-ஐக் கழற்றிப் பார்த்தது

வண்டி: 1997 மாருதி 800, கார்ப்பரேட்டர் மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். நிற்கும் இடம் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய கொட்டகை. குறை இதுதான்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் சைலன்சரில் குபுகுபுவென்று புகை; ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். பகலில் எத்தனை தடவை எடுத்தாலும் வராது. யாரிடம் கேட்டாலும் "ரிங் போயிருக்கும், இன்ஜின் இறக்கணும்" என்ற பதில்தான். ரிங் (பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்) போன வண்டி சூடான பிறகும், மேட்டில் மிதிக்கும்போதும் புகைக்கும். காலையில் மட்டும் புகைப்பது வேறு கதை.

நாள் 1 முதல் 3 வரை: ஸ்பேனரைத் தொடவில்லை. ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். சீட்டில் இருந்து கண்ணாடியில் பார்த்தால் நிறம் பிடிபடாது. பின்னணியும் முக்கியம்: ஆயில் எரிந்தால் வரும் நீலப் புகை இருட்டான மரங்களுக்கு முன்னால் நீலமாகத் தெரியும், வெளிச்சமான வானத்துக்கு எதிரே அதே புகை பழுப்பாகத் தெரியும். பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. சைலன்சர் வாயிலிருந்து அரை அடி தள்ளி வெள்ளைத் துணியைப் பிடித்ததில் முதல் நாளே கரித்தூளும், நடுவில் எண்ணெய்க் கறையும் படிந்தன. வெறும் வெள்ளமாக இருந்தால் துணி காய்ந்ததும் தடம் இருக்காது.

வெள்ளைப் புகை பற்றி ஒரு வார்த்தை. ஊட்டியில் காலையில் எல்லா வண்டியும் ஆவி விடும். அது சைலன்சருக்குள் தங்கிய ஈரம். நாகர்கோவில் பக்கம் மார்கழியிலும் அந்த அளவு குளிர் கிடையாது. நம்மூரில் ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் கொஞ்சம் ஆவி தெரிந்தால் சரி. காய்ந்த காலையில் வெள்ளைப் புகை ஐந்து நிமிடம் நின்று, இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகிக்கலாம். இந்த வண்டியின் கூலன்ட் டப்பாவில் டேப் ஒட்டிக் குறித்த மட்டம் மூன்று நாளும் இறங்கவில்லை. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி நுரை இருந்தது உண்மை. ஆனால் மழைக்காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது சகஜம். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்ததால் அதற்குமேல் போகவில்லை.

நாள் 4: துணியில் படிந்த கரிக்குக் காரணம் சோக், அதாவது குளிர்ந்த இன்ஜின் கிளம்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் தட்டு. காற்று குறைந்தால் பெட்ரோல் முழுதாக எரியாமல் கரியாகும். குமிழை முழுக்க உள்ளே தள்ளியும் கார்ப்பரேட்டர் வாயில் இருக்கும் தட்டு முழுதாகத் திறக்கவில்லை, கால்வாசி மூடியே நின்றது. கேபிளில் துரு, தட்டின் அச்சில் பிசின். கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, கேபிளில் எண்ணெய் விட்டதும் தட்டு விடுபட்டது. மறுநாள் புகை பாதியாகக் குறைந்து, மிச்சம் இருந்தது சுத்தமான நீலம். இரண்டு கோளாறும் ஒரே புகையாகத் தெரிந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தது. சோக் சிக்கிய வண்டியில் ஆயில் இப்படி நீர்த்துப்போகும், ஆகவே ஆயிலை மாற்றியாயிற்று. 20W-40, மேல் கோட்டைத் தாண்டாமல். கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் புகை வரும்.

நாள் 6: பிரீத்தர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றுவது) அடைத்திருக்கவில்லை, ஏர் பில்டரில் ஆயில் இல்லை. ரிங் தேய்ந்தால் அந்த வழியாக ஆயில் பில்டருக்கு வரும். ரிங் மேல் இருந்த சந்தேகம் இங்கேயே பாதி போயிற்று. பிறகு விடியுமுன் மார்த்தாண்டம் மேம்பாலம். மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு இறங்கி, கீழே வந்ததும் மிதித்தால் பின்னால் வரும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் ஒரு நீல உருண்டை தெரிகிறது. ஏறும்போது ஒன்றும் இல்லை. மிதியை விட்டு இறங்கும்போது காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் உறிஞ்சும் வேகம் அதிகம். தளர்ந்த வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) வழியாக ஆயில் உள்ளே இழுபடும். நின்ற வண்டியில் ஹெட்டில் தங்கிய ஆயில் ராத்திரி முழுக்க அதே வழியாகப் பையப் பைய வால்வ் தண்டில் கசியும், காலையில் எரியும்.

நாள் 7: கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது. இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கும் கழற்றி, காயில் வயரைப் பிரித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஆறு சுற்று. கிடைத்தது சதுர சென்டிமீட்டருக்கு 12.1, 11.8, 12.0 கிலோ. சிலிண்டர்களுக்குள் ஒரு கிலோவுக்குமேல் வித்தியாசம் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் 0.3 மட்டும் ஏறியது. ரிங் தேய்ந்திருந்தால் இந்த எண் நன்றாகத் தாவியிருக்கும்.

நாள் 12, 13: ஹெட் இறங்கியது. பிளக் துளை வழியாகக் கயிறு செலுத்தி வால்வைத் தாங்கவைத்து, ஹெட்டை இறக்காமலே சீல் மாற்றுவோர் உண்டு. இத்தனை வயதான வண்டியில் வால்வின் முதுகில் கரி கட்டியிருக்கும், கைடும் (வால்வ் தண்டு ஓடும் குழல்) பார்க்க வேண்டும், அதனால் இறக்குவதே மேல். டைமிங் பெல்ட்டை எப்படியும் கழற்றுவதால் புதிது போட்டாயிற்று.

பழைய சீல்கள் ஆறும் ரப்பராக இல்லை, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி. இரண்டு விரலிலேயே உடைந்தன. வால்வைப் பத்து மில்லிமீட்டர் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டியதில் இன்டேக் கைடுகள் இறுக்கம், இரண்டாம் எக்ஸாஸ்ட் மட்டும் லேசாக ஆடியது. கைடு மாற்ற லேத் வேலை வேண்டும். இந்த ஆட்டத்துக்கு அது தேவையில்லை என்று விட்டது. இன்டேக் ஆடியிருந்தால் விட்டிருக்கக் கூடாது, புதுச் சீலும் சில மாதத்தில் போய்விடும்.

வால்வுகளை அரைத்து, ஹெட்டைக் கவிழ்த்து அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் வைத்ததில் போர்ட்டில் கசிவு இல்லை. புதுச் சீல் வைட்டான் ரகம், சூடு தாங்கும் ரப்பர். போடும்போது கெடுவதுதான் அதிகம்: வால்வ் லாக் உட்காரும் பள்ளத்தின் கூர்மையான விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்கும். அந்த இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி, ஆயில் தடவி இறக்கி, பொருத்தமான சாக்கெட்டை வைத்துக் கையால் அழுத்தவேண்டும். சுத்தியல் ஆகாது. அடியில் இருக்கும் ஸ்பிரிங் வாஷரை முதலில் போட மறந்தால் சீலைப் பிடுங்கித்தான் போட வேண்டும், பிடுங்கிய சீல் குப்பைக்கு. ஹெட் போல்ட்டுகள் நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்சில்.

நாள் 14: முதல் ஸ்டார்ட்டில் முன்னைவிட மோசமான புகை. இதில் பயந்து மறுபடி கழற்றத் தேவையில்லை. அது சைலன்சரில் ஏற்கெனவே ஊறிய ஆயில். பேச்சிப்பாறை வரை ஒருமுறை போய்வந்ததும் நின்றது.

நாள் 15 முதல்: காலையில் துணி சுத்தம். முன்பு 500 கிலோமீட்டருக்கு 200 மில்லி ஆயில் ஊற்றவேண்டியிருந்தது, இப்போது 1,000 கிலோமீட்டருக்கு 60. இரண்டு ராத்திரி தொடர்ந்து நின்றால் மட்டும் இரண்டு விநாடி மெல்லிய நீலம். இரண்டாம் எக்ஸாஸ்ட் கைடுதான். அடுத்த 5,000 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும்.