மணல் போகிற வழியில் கல்லைப் போட்டால்

மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் துறைமுகம். 1876-இல் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வேலை தொடங்கியது. அதற்கு முன் கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது. சுவர் எழுந்ததும் தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. இங்கே சேர்ந்தது, அங்கே போய்ச் சேர வேண்டிய மணல்.

ஈர மணலில் நின்று பாருங்கள். தென்கிழக்கிலிருந்து வரும் அலை சாய்வாக ஏறும். இறங்கும்போது சரிவில் நேராக இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் மணல் சற்று வடக்கே நகர்ந்துவிடும். மார்ச் முதல் அக்டோபர் வரை இதே கதைதான். வாடைக் காலத்தில் திசை மாறும். கூட்டிக் கழித்தால், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கேதான் போகிறது.

சோதிக்க ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். அலை உடையும் இடத்தில் எறிந்துவிட்டு, 5 நிமிடத்தில் கரையோரமாக எத்தனை அடி நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். பழம் பெரும்பாலும் நீருக்குள் அமிழ்ந்திருப்பதால் நீரோட்டத்தோடு போகும். பந்து என்றால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும்.

அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர், கேட்கும் ஊர்களின் தவிப்பு நியாயமானது. ஆனால் அந்த வளைவு புதிதாக மணலை உண்டாக்காது, அடுத்த ஊருக்குப் போவதைத்தான் மறிக்கும். அதனால் அதன் வடக்குப் பக்கத்தில் அரிப்பு தொடங்கும். புதுச்சேரியில் 1980-களில் துறைமுகச் சுவர்கள் வந்தபின் நகரக் கடற்கரை மணலை இழந்ததும் இப்படித்தான். கரையோரம் கொட்டும் பாறைகளிலும் சிக்கல் உண்டு. அடியில் வடிகட்டித் துணி விரிக்காவிட்டால், இடுக்கு வழியே அலை மணலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் கல் புதைந்துவிடும்.

தெற்கே தேங்கிய மணலைத் தோண்டிக் குழாய் வழியே வடக்கே கொட்டுவதே சரியான மருந்து. ஆனால் அதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். நிறுத்தினால் அரிப்பு திரும்பிவிடும்.

உங்கள் ஊர்க் கரையை அளப்பதானால், அசையாத கம்பம் ஒன்றிலிருந்து நீர்விளிம்பு வரை மாதம் ஒருமுறை, ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஒரே நிலையில் இருக்கும்போது அளந்து பாருங்கள். ஒரு புயல் கொண்டுபோன மணலில் ஒரு பகுதி அடுத்த மாதங்களில் திரும்பி வரும். அதனால் இந்த ஜூலையைப் போன ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும், டிசம்பரோடு அல்ல.