ஸ்மித் ராக் போவதற்கு முன்

செப்டம்பர் 10, 2023, ஞாயிறு

அக்டோபர் முதல் வாரம் ஒரேகனில் இருக்கும் ஸ்மித் ராக்குக்குப் பாறை ஏறப் போவது என்று முடிவாகிவிட்டது. சியாட்டிலிலிருந்து தம்பியும் வருகிறான். கோடையில் அந்தப் பாறை தோசைக்கல்லாகக் காயும், கை வியர்த்து வழுக்கும். அது மட்டுமல்ல, கழுகும் வல்லூறும் கூடு கட்டும் சில சுவர்களை ஜனவரி நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை மூடிவைப்பார்கள். பறவைகளுக்குச் செய்யும் அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

செப்டம்பர் 13, புதன்

தம்பி போனில், "அண்ணா, ஜிம்ல 5.10 ஏறுறேன். அங்கயும் அதுலயே ஆரம்பிக்கலாமா?" என்றான். 5.10 என்பது ஏறும் வழியின் கடினத்தைச் சொல்லும் எண், எண் கூடக் கூடக் கடினம். வேண்டாம் என்றேன். ஸ்மித் ராக் பாறை இறுகிப்போன எரிமலைச் சாம்பல். பல இடங்களில் பிடி என்று கிடைப்பது சின்னச் சின்னக் குமிழ்கள்தான். கையைவிடக் காலை நம்பி நிற்க வேண்டும். பழைய ரூட்களில், அதாவது ஏறும் வழிகளில், கயிற்றை மாட்டப் பாறையில் அடித்திருக்கும் முதல் போல்ட்டே பயமுறுத்தும் உயரத்தில் இருக்கும், அடுத்ததும் கிட்டத்தில் இருக்காது. அதனால் எண்ணைப் பார்த்து ரூட் எடுக்கப் போவதில்லை. போல்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் எடுப்பேன். தரையில் நின்றபடியே முதல் போல்ட்டில் கயிற்றை மாட்டிவிட ஸ்டிக் கிளிப் என்ற நீளக் கோலும் வருகிறது. அது இல்லாமல் அவனை லீட் ஏற, அதாவது கயிற்றைத் தானே போல்ட்களில் மாட்டிக்கொண்டே முதலில் ஏற, விடமாட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

போர்ட்லாந்திலிருந்து மவுண்ட் ஹூட் வழியாக மூன்று மணி நேரம். வழியில் மெட்ராஸ் என்றே ஓர் ஊர் வரும். ஸ்மித் ராக்கின் முன்னோடிப் பாறையேறியான ஆலன் வாட்ஸ் அந்த ஊர்க்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில், யாராலும் ஏற முடியாது என்று விட்டுவைத்த மொட்டைச் சுவர்களில் மேலிருந்து கயிற்றில் இறங்கி, உதிரும் கல்லைத் தட்டிச் சுத்தம் செய்து போல்ட் அடித்தார். இப்படி அடித்துவைத்த போல்ட்களை நம்பி ஏறும் ஸ்போர்ட் கிளைம்பிங் அமெரிக்காவில் வேர்பிடித்தது ஸ்மித் ராக்கில்தான். 1986-இல் பிரெஞ்சுக்காரர் ழான் பாப்டிஸ்ட் திரிபூ இங்கே ஏறிய ‘டு போல்ட் ஆர் நாட் டு பீ’தான் அமெரிக்காவின் முதல் 5.14. அந்தச் சுவரின் அடியில் தம்பியைக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

காலைத் திட்டம்: கார் நிறுத்துமிடத்திலிருந்து இறங்கி, குரூக்கட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் முன்பக்கச் சுவர்கள். அக்டோபர் காலை குளிரும், அங்கே வெயில் சீக்கிரம் விழும். மார்னிங் குளோரி சுவரில் ‘ஃபைவ் காலன் பக்கெட்ஸ்’, 5.8, பெரிய பெரிய குழிகள், முதல்நாளுக்கு அருமையான ரூட். எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் சீக்கிரம் போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் மங்கி ஃபேஸ் என்ற பாறைத் தூணைப் பார்க்கப் போகலாம். ஆஸ்டரிஸ்க் பாஸ் என்ற கணவாய் குறுக்குவழிதான், ஆனால் கையூன்றி ஏறி இறங்க வேண்டிய இடம். புதியவனோடு ஆற்றோரப் பாதையில் சுற்றிப் போவதுதான் சரி. திரும்பும்போது கடைசியில் மேடேற வேண்டும், அதற்குக் காலில் தெம்பு மிச்சம் வேண்டும்.

செப்டம்பர் 30, சனி

கயிறு 70 மீட்டர். எவ்வளவு நீளமாக இருந்தாலும் நுனியில் முடிச்சு போட்டாக வேண்டும், இறக்கும்போது கீழே நிற்பவர் கயிற்றைக் கட்டுப்படுத்தும் பிலே கருவி வழியாகக் கயிறு நழுவிப்போனால் ஏறியவர் விழுவார். இன்று தம்பியை வீடியோவில் வைத்துக்கொண்டு முடிச்சைப் போட்டுக் காட்டச் சொன்னேன். சரியாகப் போட்டான். அங்கே மேலிருந்து கல் விழும், அவனிடம் ஹெல்மெட் இல்லை. நாளைக்கே வாங்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.