ஃபார்ம் கொடுக்கும் முன் அந்த இரண்டாவது எழுத்தைப் பாருங்கள்

விடுதியில் எனக்கு வைஃபை கிடைக்கப் பதினோரு நாள் ஆனது. மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இப்போது சேரப்போகிறவர்களுக்காவது இந்த அலைச்சல் வேண்டாம்.

வைஃபை கேட்டுத் தரும் ஃபார்ம், கைடு கையெழுத்து, வார்டன் கையெழுத்து எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டன. 'மேக் முகவரி' (நெட்வொர்க் ஒரு கருவியை அடையாளம் காணும் எண்) என்ற கட்டத்துக்கு, துறையின் வைஃபையில் இருந்தபடியே ஃபோனில் பார்த்து, அது காட்டிய பன்னிரண்டு எழுத்துகளை நிரப்பினேன். டி, ஏ என்று தொடங்கியது. தவறு அங்கேதான்.

மூன்று நாள் கழித்தும் விடுதியில் இணைப்பு வரவில்லை. வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் கணினி மையத்துக்கு வெயிலில் நடந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதின நம்பரத்தான் தம்பி ஏத்தியிருக்கேன். உங்க ஃபோன்லதான் பிரச்சினை" என்றார். என்ன பிரச்சினை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அறைக்கு வந்து நெட்வொர்க் செட்டிங்கை முழுதாக ரீசெட் செய்தேன். சேமித்து வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டு அத்தனையும் போனதுதான் மிச்சம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

மறுநாள் போனால், புது ஃபார்ம் வேண்டும், கையெழுத்தும் மறுபடி வேண்டும் என்றார்கள். கைடு கருத்தரங்குக்காக வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பும்வரை மொபைல் டேட்டாவில்தான் கட்டுரைகளை இறக்கினேன்.

மூன்றாம் முறை போனபோது, உள்ளே நெட்வொர்க் ஸ்விட்ச் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஃபார்மை வாங்கிப் பார்த்தார். "இரண்டாவது எழுத்து ஏ-ன்னு இருக்கே. இது ஃபோன் தானா உருவாக்கின ரேண்டம் மேக்" என்றார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்! அந்த இடத்தில் 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது ஃபோனின் அசல் முகவரி அல்ல. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஃபோன் வேறு வேறு முகவரி காட்டும். துறையில் பார்த்து எழுதியது விடுதியில் எப்படிப் பொருந்தும்?

ஆண்ட்ராய்டில் விடுதி வைஃபையின் பிரைவசி பகுதியில் 'டிவைஸ் மேக்' என்று மாற்றுங்கள். ஐஃபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அணையுங்கள். அப்புறம் தெரிவதை எழுதுங்கள். அண்ணன் அந்த ஃபார்மிலேயே என்னைத் திருத்த விட்டார், மறுநாள் இணைப்பு வந்தது.

விண்டோஸ் லேப்டாப்புக்கு, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்தால் 'பிசிக்கல் அட்ரஸ்' பல இடங்களில் வரும். வைஃபைக்கு வயர்லெஸ் லேன் என்பதன் கீழே இருப்பதுதான் வேண்டும். கேபிள் இணைப்புக்காகச் செருகும் யுஎஸ்பி லேன் டாங்கிளுக்குத் தனி முகவரி உண்டு, அதையும் தனியாகப் பதிய வேண்டும். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரிகளைத் தானாகப் பங்கிட்டுத் தரும் டிஹெச்சிபி உங்களுக்கு முகவரி தரவில்லை என்று பொருள்; பிரவுசரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) முன்பு எப்போதோ கூகுளின் 8.8.8.8 போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எனக்கு கூகுள் திறந்தது, நூலகத்தின் உள்தளம் மட்டும் திறக்கவே இல்லை. அந்தப் பெயர் வளாகத்தின் டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியாகக் கவுன்ட்டரில் அனுமதி கேட்டு, 'ரேண்டம் மேக்கை அணைத்துவிட்டு எழுதவும்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். நேற்றுகூடப் பார்த்தேன், கிழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.